நைட் ஷிப்டில் சாப்பிட்ட பரோட்டாவும் பையனின் பயமும்

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 34 வயது. திருப்பூரில் நிட்டிங் கம்பெனியில் வேலை. பையனுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாமல் பேசுவான். வெளியே போனால் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். பள்ளிக்கூட வாசலில் தினமும் அழுகை. ஊர் நோம்பியில் மேளச் சத்தம் கேட்டால் உடம்பே நடுங்குகிறது. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று என் அம்மா என் மனைவியைக் குத்திக்காட்டுகிறார். போன மாதம் போனில் ஒரு செய்தி பார்த்தேன். அப்பா புரதம் குறைவாகவும் மாவுச்சத்து அதிகமாகவும் சாப்பிட்டால் ஆண் குழந்தை பயந்த சுபாவத்தோடு பிறக்குமாம். அவன் பிறப்பதற்கு முந்தைய இரண்டு வருடம் எனக்கு நைட் ஷிப்ட். ராத்திரி பரோட்டா, விடியற்காலை டீயும் வர்க்கியும், பகலெல்லாம் தூக்கம். அவனைக் கெடுத்தது நான்தானா? இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம். இப்போது நான் என்ன சாப்பிட வேண்டும்?"
— ஒரு வாசகர், திருப்பூர்

தம்பி,

உங்கள் பையனை நீங்கள் கெடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதத்தைப் படித்தால் ஒரு மாதமாக இதையே நினைத்து மருகுகிறீர்கள் என்று தெரிகிறது. நீங்கள் பார்த்த செய்தி பொய்யில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்ல, உங்கள் போனுக்கு வந்து சேர்ந்தது வேறொன்றாகிவிட்டது. அங்கே உண்மையில் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிட்னி பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிரீன், ஸ்டீபன் சிம்ப்சன் குழுவினர் செய்த ஆய்வு அது. 2024-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. ஆண் சுண்டெலிகளுக்குப் பத்து வகைத் தீனி கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். அப்புறம் அவற்றை, வழக்கமான தீனி தின்று வளர்ந்த பெண் எலிகளோடு சேரவிட்டு, பிறந்த குட்டிகளைக் கவனித்தார்கள். புரதம் குறைந்து மாவுச்சத்து மிகுந்த தீனி தின்ற அப்பாக்களின் ஆண் குட்டிகளிடம் பதற்றம் கூடுதலாகத் தெரிந்தது. கொழுப்பு அதிகம் தின்ற அப்பாக்களின் பெண் குட்டிகளுக்கு உடலில் கொழுப்பு கூடியது, வளர்சிதை மாற்றக் கோளாறுக்கான அறிகுறிகளும் இருந்தன.

இதில் 'பதற்றம்' என்பதை எப்படி அளந்தார்கள் என்பது முக்கியம். எலியிடம் போய் "பயமாக இருக்கிறதா?" என்று கேட்க முடியாது. இந்த மாதிரிச் சோதனைகளுக்கென்று ஒரு மேடை அமைப்பு உண்டு. சில பாதைகளுக்கு இருபுறமும் சுவர் இருக்கும், சில பாதைகள் திறந்தவெளி. எலியை நடுவில் விட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். சுவர் ஓரமாகவே ஒதுங்கும் எலி பதற்றமானது, மூக்கை நீட்டி வெளியே நடக்கும் எலி துணிச்சலானது என்று கணக்கு. சிட்னி ஆய்விலும் பாதுகாப்பான பகுதியில் எவ்வளவு நேரம் கழித்தன என்பதைத்தான் அளந்தார்கள். அதுவும் பல குட்டிகளின் சராசரி. பள்ளி வாசலில் அழும் ஒரு பையனைக் கைகாட்டி "இது அப்பா தின்ற பரோட்டாவால்தான்" என்று சொல்ல இந்த அளவீட்டில் இடமே இல்லை.

ஆனால் 'எலிக்குத்தானே, விடுங்கள்' என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. ஏனென்றால் அப்பாவின் சாப்பாடு விந்தணுவில் தடம் விடுகிறது என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. 2010-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் ராண்டோ குழு, புரதம் குறைந்த தீனி தின்ற ஆண் எலிகளின் குட்டிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பைக் கையாளும் மரபணுக்கள் வேறு மாதிரி வேலை செய்வதைக் காட்டியது. குட்டிகள் அந்தத் தீனியைத் தொட்டதே இல்லை.

அது எப்படி நடக்கிறது? டி.என்.ஏ.வில் எழுதியிருப்பது மாறுவதில்லை. விந்தணு அதோடு வேறு சிலவற்றையும் சுமந்துகொண்டு போகிறது. அதில் முக்கியமானவை மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துணுக்குகள். எந்த மரபணுவை எவ்வளவு இயக்குவது என்று கருவின் ஆரம்ப நாட்களில் இவை குறுக்கிட முடியும். 2016-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின. விந்தகத்தில் உருவாகும் விந்தணு, அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்ற நீண்ட, சுருண்ட குழாய் வழியாக நகர்ந்து முதிர்கிறது. அந்தப் பயணத்தில்தான் இந்தத் துணுக்குகளில் பலவும் அதில் ஏறுகின்றன. அப்பாவின் உடம்பு அந்த வாரங்களில் எப்படி இருக்கிறது என்ற செய்தி, கிட்டத்தட்ட கடைசி நேரத்தில் ஏற்றப்படும் சரக்கு.

மனிதர்களிடமும் இது பார்க்கப்பட்டிருக்கிறது. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தினர் 15 இளைஞர்களுக்கு ஒரு வாரம் ஆரோக்கியமான உணவு கொடுத்தார்கள். அடுத்த வாரம் அதே உணவோடு ஏராளமான சர்க்கரை. இரண்டே வாரத்தில் விந்தணுவின் ஆர்.என்.ஏ. துணுக்குகள் மாறியிருந்தன. 2019-ல் வெளிவந்த ஆய்வு இது. விந்தணு இவ்வளவு சீக்கிரம் சாப்பாட்டுக்கு எதிர்வினை செய்யும் என்று நான் மருத்துவம் படித்த காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. இதை இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். ஒரு வாரத்தில் மாறக்கூடியது என்றால், அது நிரந்தரக் கறை இல்லை. கோபன்ஹேகனில் உடல் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்களைப் பின்தொடர்ந்தபோதும், எடை இறங்கிய பிறகு விந்தணுவில் இருந்த அடையாளங்கள் மாறிவிட்டன.

சரி, மனிதக் குழந்தைகளின் நடத்தை? இங்கே நிலைமை வேறு. அப்பா கருத்தரிப்புக்கு முன் என்ன சாப்பிட்டார் என்று எழுதிவைத்து, பிள்ளையின் சுபாவத்தை வருடக்கணக்கில் பின்தொடர்வது லேசான காரியமில்லை. அதற்குப் பக்கத்தில் வருவது அப்பாவின் உடல் பருமனை வைத்துச் செய்த ஆய்வுகள். நார்வேயில் 90,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2014-ல் ஒன்று வந்தது. சரியான எடையுள்ள அப்பாக்களின் குழந்தைகளில் 0.14 சதவீதம் பேருக்கும், பருமனான அப்பாக்களின் குழந்தைகளில் 0.27 சதவீதம் பேருக்கும் ஆட்டிசம் இருந்தது. 'இரண்டு மடங்கு' என்று தலைப்புப் போட்டால் வயிற்றைக் கலக்கும். 10,000 குழந்தைகளில் 14, மற்ற பக்கம் 27 என்று எழுதிப் பாருங்கள். பருமனான அப்பாக்களின் குழந்தைகளிலும் 9,973 பேருக்கு அது இல்லை. 2017-ல் நியூயார்க் மாநிலத்தில் சுமார் 5,000 குழந்தைகளைப் பார்த்த ஆய்விலும், அப்பா பருமனாக இருந்த வீடுகளில் குழந்தைகள் பிறரோடு பழகும் திறனுக்கான மதிப்பீட்டில் பின்தங்குவது அதிகமாகத் தெரிந்தது.

ஆனால் எலிக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆய்வகத்தில் அப்பா எலி வேலை முடிந்ததும் கூண்டைவிட்டுப் போய்விடும். குட்டிகள் அதன் முகத்தையே பார்க்காது. நம் வீட்டில் அப்பா சாப்பிடும் பாத்திரத்தில்தான் பிள்ளையும் சாப்பிடுகிறது. அப்பா தூங்காத வீட்டில் பிள்ளைக்கும் தூக்கம் சரியாக இருப்பதில்லை. கடன், வேலை நேரம், வீட்டுச் சண்டை, பரம்பரைச் சுபாவம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதில் விந்தணுவின் பங்கு இவ்வளவு என்று ஓர் இழையை மட்டும் உருவியெடுக்க முடியாது.

இந்த இடத்தில் உங்கள் அம்மாவின் பழமொழிக்கு வருகிறேன். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம்.

என் அறைக்கு ஒரு குழந்தையை அழைத்து வரும்போது நடப்பது இதுதான். அம்மா நாற்காலியில் குழந்தையோடு உட்காருவார். அப்பா கதவோரம் பைலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கர்ப்பத்தில் சத்து மாத்திரை சாப்பிட்டீர்களா, எடை எவ்வளவு ஏறியது, ரத்தம் எவ்வளவு இருந்தது, காய்ச்சல் வந்ததா, ஏதாவது அதிர்ச்சியா? எல்லாக் கேள்வியும் அம்மாவுக்கு. அப்பாவுக்கு இரண்டே கேள்வி: என்ன வேலை, சொந்தத்தில் கல்யாணமா? எங்கள் படிவமே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. நானும் பல வருடம் அப்படியே கேட்டுவிட்டேன், அது தவறு. பப்பாளி தின்னாதே, எள்ளைத் தொடாதே, குங்குமப்பூ போட்டுக் குடி என்று ஊரே சேர்ந்து கர்ப்பிணியின் தட்டைக் காவல் காக்கிறது. பிள்ளை கொஞ்சம் கூச்சப்பட்டால் பழியும் அவள் தட்டில்தான் விழுகிறது.

இதே துறையில் 2018-ல் வந்த ஓர் ஆய்வை உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஆண் சுண்டெலிகளை அரைப்பட்டினி போட்டு, பிறகு பெண் எலிகளோடு சேரவிட்டார்கள். அந்தத் தாய் எலிகள் கர்ப்பத்தில் கூடுதலாக எடை போட்டன. குட்டி பிறந்த பிறகு கூடுதலாகப் பால் கொடுத்து, நக்கிக் கொடுத்து வளர்த்தன. அப்படி வளர்ந்த குட்டிகளிடம் குறை பெரிதாகத் தெரியவில்லை. கருவை எடுத்து வேறொரு பெண் எலியின் வயிற்றில் வைத்தபோதுதான் அப்பாவின் பட்டினி குட்டிகளிடம் வெளிப்பட்டது. அதாவது, அப்பாவிடமிருந்து வந்த குறையைத் தாய் தன் உடம்பால் ஈடுகட்டியிருக்கிறாள். உங்கள் மனைவியும் ஆறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பையன் முகம் புதைக்கும் அந்தச் சேலைதான் அவனுக்கு உலகத்தில் பத்திரமான இடம்.

நூலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூல் நன்றாக இருந்தும் ஊசி தேய்ந்திருந்தால் துணியில் கோடு விழும், லூப் நீளம் மாறினால் துணியே வேறாகிவிடும் என்று தினமும் பார்ப்பவர் நீங்கள். வீட்டில் அந்தப் பழமொழி வரும்போது இதைச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். உங்கள் மனைவி அந்த இடத்தில் தனியாக நிற்கக் கூடாது.

இனி பையன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், புதிய இடம், புதிய ஆள், பெரிய சத்தம் எதுவாக இருந்தாலும் முதலில் பின்வாங்கும் சுபாவம் இது. ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் பல பத்தாண்டுகள் இப்படிப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார். நூறு குழந்தைகளில் 15 முதல் 20 பேர் வரை இப்படிப் பிறக்கிறார்கள் என்று அவர் கண்டார். அவர்களில் பலருக்கு வளர வளர இது தணிந்துவிடுகிறது. தணியாமல் போவதற்கு வீடு இரண்டு விதத்தில் காரணமாகலாம். 'ஆம்பளைப் பையன் அழலாமா' என்று கூட்டத்தின் நடுவே தள்ளிவிடுவது ஒன்று. 'அவனுக்குப் பயம், வேண்டாம்' என்று எல்லாவற்றிலிருந்தும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதைப் பாசம் என்று நினைத்துச் செய்துவிடுகிறோம், அதனால் அதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

பள்ளி வாசலில் விடைபெறுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் நாளானாலும் சரி. தினமும் ஒரே மாதிரி: பையை மாட்டிவிடுவது, ஒரு கைகுலுக்கல், "மூன்றரைக்கு அம்மா வருவாள்" என்ற ஒரே வரி, திரும்பி நடப்பது. அவன் அழுதாலும் அரை மணி நேரம் கேட் ஓரம் நிற்காதீர்கள். சொன்ன நேரத்துக்குக் கண்டிப்பாக வந்து நிற்க வேண்டும், இதுதான் மருந்து. வகுப்பில் யாராவது ஒரே ஒரு பையனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். கூட்டம் வேண்டாம், ஒருவன் போதும்.

அவன் வகுப்பில் ஆசிரியரிடமும் மற்ற பிள்ளைகளிடமும் பேசுகிறானா என்று நேரில் போய்க் கேளுங்கள். வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடம் என்றாலே வயிற்று வலி, வாந்தி, ராத்திரியில் அலறி எழுவது, பேச்சிலோ விளையாட்டிலோ முன்பு இருந்தது குறைவது, இவற்றில் எது இருந்தாலும் அப்படித்தான். குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்ற தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டால் சொல்வார்கள், அங்கே கட்டணம் கிடையாது.

அடுத்தது இரண்டாவது குழந்தை. இங்கே உங்கள் கவலைக்கு நல்ல உபயோகம் இருக்கிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும், முதிர்ந்து வெளியேற இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, முயற்சி தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதம்தான் உங்கள் கணக்கு. ஆறு வருடத்துக்கு முன் தின்ற பரோட்டா இந்தக் கணக்கில் வராது.

புரதம் குறைவு, மாவுச்சத்து அதிகம் என்பது நம் தட்டுக்கு அப்படியே பொருந்தும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர்கள் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள். புரதம் 12 சதவீதம்தான். தேவை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். நீங்கள் 65 கிலோ என்றால் சுமார் 54 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 50 கிராம் கொள்ளில் 11 கிராம் போல இருக்கும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. நூறு கிராம் மத்தி மீனில் 20 வரை கிடைக்கும். கொங்கு நாட்டில் பிறந்து கொள்ளுக்குப் பஞ்சமா? அதைக் கடைந்து சோற்றில் ஊற்றி, சோற்றை ஒரு கரண்டி குறைத்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போதும் நைட் ஷிப்ட் இருந்தால், கம்பெனிக்குள் போகும் முன்பே ஒழுங்காகச் சாப்பிட்டுவிடுங்கள். நள்ளிரவுக்கு டிபன் பாக்ஸில் அவித்த முட்டை இரண்டு, இல்லையென்றால் சுண்டல். டீ குடியுங்கள், வர்க்கியும் இரண்டாவது ஸ்பூன் சர்க்கரையும் வேண்டாம். பரோட்டாவை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை, மாதத்தில் ஒருநாள் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுங்கள். புகை, புகையிலை, குடி இருந்தால் அதை நிறுத்துவது சாப்பாட்டைவிட முதல் வேலை. புகை விந்தணுவின் டி.என்.ஏ.வையே சேதப்படுத்தும். அப்படியே வெறும் வயிற்றில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

மாத்திரை, பவுடர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த ஊரில் யாராவது உங்களிடம் விற்கத்தான் போகிறார்கள், அதனால் சொல்கிறேன். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து, ஆண்களுக்கு ஆறு மாதம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. விந்தணுவின் தரமும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை, வயிற்று உபாதைதான் கூடியது. ஜெர்மனியில் ஆண் சுண்டெலிகளுக்கு ஃபோலிக் அமிலம் போன்ற சத்துக்களை அளவுக்கு மீறிக் கொடுத்தபோது, அவற்றின் குட்டிகள் கற்பதிலும் நினைவிலும் பின்தங்கின. நல்ல சத்தாயிற்றே என்று அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது. உடம்பு ஏற்ற ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசிப் பக்கமே போகாதீர்கள், அது விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். உங்கள் மனைவிக்கு நிலைமை வேறு. அவர் முயற்சி தொடங்குவதற்கு முன்பிருந்தே மருத்துவரிடம் கேட்டு தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும்.

மேளச் சத்தத்துக்கு ஒரு யோசனை. அடுத்த நோம்பிக்கு அவனைக் கூட்டம் சேர்ந்த பிறகு அழைத்துப் போகாதீர்கள். முந்தைய நாள் சாயங்காலம், மேளக்காரர்கள் வந்து இறங்கி வார் இறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் இருவர் மட்டும் போங்கள். தூரத்தில் நின்று பாருங்கள். அவன் கையை இழுக்கும் வரை கிட்டே போக வேண்டாம். இழுத்தால், மேளக்காரரிடம் கேட்டு அவன் விரலாலேயே ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு அது போதும், வீட்டுக்கு வந்துவிடுங்கள்.